குரங்கின் கையும் 200 பவுனும்

பகுத்தறிவு பேசுகிறவர்களை மடக்குவதற்கென்றே சிலர் சில கதைகளைக் கைவசம் வைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு வாசகசாலையில் நாம் பேசி முடித்து உட்கார்ந்தவுடன், இங்கிலீஷ் படித்த வாலிபத் தோழர் ஒருவர் எழுந்து, "ஐயா, பேயில்லை, மந்திரமில்லை, விதியில்லை என்கிறீர்கள். ஜேக்கப்ஸ் எழுதிய 'குரங்கின் கை' என்ற கதையைப் படித்துவிட்டு, அன்று நடுராத்திரி யாராவது கதவைத் தட்டினால் தைரியமாகப் போய்த் திறப்பீர்களா?" என்று கேட்டார். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. அந்தத் தோழரிடமே புத்தகத்தை வாங்கி வந்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு இரவு உட்கார்ந்து படித்தோம். கதவைத் திறப்போமா மாட்டோமா என்பது கிடக்கட்டும். அந்தக் கதையில் அவர் கண்ணுக்குப் படாத சங்கதி ஒன்று நம் கண்ணுக்குப் பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கதை நல்ல கதை. அதை மறைத்துப் பேசுவதில் நமக்கு லாபமில்லை. படிக்கிறவனைப் பிடரியைப் பிடித்து உட்கார வைக்கிற கதை. எழுதியவர் மந்திரவாதியுமல்ல, பாதிரியுமல்ல. டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் என்பவர் 1863-ல் லண்டனில் வாப்பிங் என்னும் துறைமுகப் பகுதியில் பிறந்து, தபால் இலாகா சேவிங்ஸ் பாங்கியில் குமாஸ்தாவாக இருந்து, கப்பல்காரர்களைப்பற்றி ஹாஸ்யக் கதைகள் எழுதிப் பேர் வாங்கியவர். 1943-ல் காலமானார். அவர் சிரிக்கச் சிரிக்க எழுதிய கதைகளை ஜனங்கள் ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். 1902-ல் வெளிவந்த இந்தப் பயமுறுத்தும் கதைதான் இன்னும் நிற்கிறது. மறு வருஷமே லண்டனில் அதை நாடகமாகவும் ஆடினார்கள். பயத்துக்கு இருக்கிற கிராக்கி சிரிப்புக்கு இல்லை போலும்!

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். ஒயிட் என்று ஒரு கிழவர், அவர் மனைவி, மிச்சமிருக்கும் ஒரே மகன் ஹெர்பர்ட். மழையும் காற்றுமான ஓர் இரவில், இந்தியாவில் 21 வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய மாரிஸ் என்ற சார்ஜெண்ட் மேஜர் அவர்கள் வீட்டுக்கு வருகிறார். அவர் பையில் காய்ந்துபோன ஒரு குரங்கின் கை. அது நம் நாட்டுப் பக்கிரி ஒருவர் மந்திரித்துக் கொடுத்ததாம். மூன்று பேருக்கு மும்மூன்று வரம் தருமாம். மனிதர் வாழ்க்கையை விதியே நடத்துகிறது, அதில் கைவைக்கிறவன் துன்பப்படுவான் என்று காட்டவே பக்கிரி இதைச் செய்தாராம். சார்ஜெண்ட் அதை நெருப்பில் போடுகிறார்; கிழவர் எடுத்து வைத்துக்கொள்ளுகிறார். என்ன கேட்பது என்று தெரியவில்லை. வீட்டுக் கடன் தீர இன்னும் 200 பவுன் பாக்கி, அதைக் கேளுங்கள் என்று மகன் விளையாட்டாகச் சொல்லுகிறான். கிழவரும் கேட்கிறார்.

மறுநாள் மகன் கேலி பேசிக்கொண்டே வேலைக்குப் போகிறான். பிறகு பட்டுத் தொப்பியும் நல்ல உடுப்பும் போட்ட ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். கதவண்டை மூன்று தரம் தயங்கி, நாலாந்தரம் உள்ளே வருகிறார். அவர் மா அண்டு மெக்கின்ஸ் என்ற கம்பெனியின் ஆள். மகன் யந்திரத்தில் சிக்கிச் செத்துப்போனான். கம்பெனிக்கு இதில் எந்தப் பொறுப்பும் கிடையாது. ஆனாலும் பையன் வேலை செய்ததை உத்தேசித்து ஒரு தொகை தருவார்கள். எவ்வளவு என்று கிழவர் கேட்கிறார். 200 பவுன்.

இதற்குப் பின்னால் நடப்பதுதான் எல்லோரையும் நடுங்கவைக்கும் பாகம். புதைத்து ஒரு வாரம் கழிந்து, பிள்ளையைத் திரும்பக் கேள் என்று தாயார் கிழவரைக் கட்டாயப்படுத்துகிறாள். அவர் இரண்டாவது வரம் கேட்கிறார். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. தாயார் தாழ்ப்பாளைத் திறக்கப் போராடுகிறாள். உடுப்பைக்கொண்டுதான் அடையாளம் காணக்கூடியபடி சிதைந்துபோன உடம்பை நேரில் பார்த்தவராகிய தகப்பனார், இருட்டில் தரையைத் துழாவிக் குரங்கின் கையைக் கண்டெடுத்து மூன்றாவது வரம் கேட்கிறார். தட்டுவது நின்றுபோகிறது. கதவைத் திறந்தால் வெறும் தெரு.

வாலிபத் தோழரும் அவரைப் போன்றவர்களும் இந்தக் கடைசிப் பாகத்தில், கதவண்டையிலேயே நின்றுவிடுகிறார்கள். வெளியே நின்றது யார், எந்தக் கோலத்தில் நின்றது என்பதே அவர்களுக்கு விசாரம். நாம் நின்ற இடம் வேறு. அந்தப் பட்டுத் தொப்பிக்காரர் வந்து போனாரே, அந்த இடத்தை நம்மால் தாண்ட முடியவில்லை. ஒரு வாலிபன் காலையில் வேலைக்குப் போனான், யந்திரம் அவனைத் தின்றது, கம்பெனி பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டது. இவ்வளவும் நாலைந்து வரியில் முடிந்துபோகிறது. அப்புறம் கம்பெனி கதையைவிட்டே போய்விடுகிறது! எந்த யந்திரம், அதற்கு வேலி உண்டா, பக்கத்தில் நின்றவன் என்ன பார்த்தான், ஒரு கேள்வியும் இல்லை. கிழவரும் கேட்கவில்லை, கிழவியும் கேட்கவில்லை. படித்த நம் தோழரும் கேட்கவில்லை. ஏன்? எல்லோர் கண்ணும் அந்தக் காய்ந்த கையின்மேல்.

நிற்க. 200 பவுன் கேட்டார், 200 பவுன் வந்தது, இதற்கென்ன சொல்லுகிறீர் என்று கேட்கலாம். பவுன் என்றால் தங்கக் காசு என்றுதான் நம் கிராமத்தார் நினைப்பார்கள். இங்கே அது அந்நாட்டு நாணயம். அந்தத் தொகையைப்பற்றித்தான் நாமும் யோசித்தோம். இது கட்டுக்கதை, ஆகவே ஆசிரியர் எந்தத் தொகை வேண்டுமானாலும் போடலாம் என்பது வாஸ்தவம். ஆனால் இந்தத் தொகையை அவர் ஆகாயத்திலிருந்து எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த நாட்டுச் சட்டப் புத்தகத்திலேயே அது இருந்தது.

இங்கிலாந்தில் 1897-ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். 1898 ஜூலை 1-ந் தேதி அது அமுலுக்கு வந்தது. கதை வெளிவந்ததற்கு நாலு வருஷம் முந்தி. அதற்குமுன் நிலைமை என்னவென்றால், ஆலையில் ஒருவன் செத்தால் முதலாளியின் தப்பை அவன் குடும்பத்தார்தான் ருஜுப்படுத்த வேண்டும். கூட வேலை செய்தவனுடைய அஜாக்கிரதையால் நடந்தது என்று முதலாளி சொல்லிவிட்டால் வழக்குத் தள்ளுபடி. 1837-ல் ஒரு வழக்கின் தீர்ப்பிலிருந்து ஆரம்பித்த இந்த நியாயம் தலைமுறை தலைமுறையாய்ச் செல்லுபடியாகி வந்தது. 1880-ல் ஓரளவு தளர்த்தினார்கள். 1897 சட்டம் இந்த அடிப்படையையே மாற்றிற்று. யார் தப்பு என்ற கேள்வி வேண்டாம். ஆலை முதலிய இடங்களில் வேலையின்போது வேலை காரணமாக விபத்து நேர்ந்தால் முதலாளி கொடுத்தே தீரவேண்டும், தொழிலாளி வேண்டுமென்றே பெருந்தப்புச் செய்ததாலேயே நேர்ந்தது என்று காட்டினாலொழிய. செத்தவனுடைய சம்பாத்தியத்தையே முழுக்க நம்பியிருந்தவர்களுக்கு 3 வருஷச் சம்பளம் அல்லது 150 பவுன், இவற்றில் எது அதிகமோ அது. 300 பவுனுக்கு மேல் போகாது. ஓரளவு நம்பியிருந்தவர்களுக்கு அதற்குட்பட்டு நியாயமான தொகை.

தோழர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். 150-க்கும் 300-க்கும் நடுவில் 200. மூன்று வருஷச் சம்பளம் 200 பவுன் என்றால் வருஷத்துக்கு 66 பவுன் சொச்சம், வாரத்துக்கு 25 ஷில்லிங் சொச்சம். ஆலை வேலைக்குப் போகிற ஒரு வாலிபனுக்கு நம்பக்கூடிய சம்பளந்தான். அப்படியானால் அந்தத் தொகையைக் கொடுக்கப் பக்கிரியும் வேண்டாம், குரங்கும் வேண்டாம். ஹெர்பர்ட் சாகிற அன்றைக்குப் பார்லிமெண்டு செய்த சட்டமே அதைக் கொடுக்கும். சட்டப்படி கொடுக்கவேண்டியதையே, "எங்களுக்குப் பொறுப்பில்லை, இருந்தாலும் தருகிறோம்" என்று தர்மம்போல நீட்டுகிறார் கம்பெனி ஆள். அந்தக் கிழவருக்குச் சட்டம் தெரிந்திருந்தால், "பொறுப்பில்லை என்று சொல்ல நீ யார்?" என்று கேட்டிருப்பார். அவருக்குத் தெரிந்தது பக்கிரியின் மந்திரந்தான். ஆகவே தொகையைக் கேட்டவுடன் மூர்ச்சையாகி விழுந்துவிட்டார்.

யந்திரத்துக்கு வேலி போடுவது என்பது அப்போது யாருக்கும் தெரியாத வித்தையுமல்ல. பஞ்சாலை யந்திரங்களுக்கு வேலி போடவேண்டுமென்று அந்நாட்டில் 1844-லேயே சட்டம் வந்தாய்விட்டது. அதைக் கேட்டு ஆலை முதலாளிகள் என்ன செய்தார்கள்? வேலி போட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 1855-ல் வேலிச் சட்டத்தை எதிர்ப்பதற்காகவே ஒரு சங்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். டிக்கன்ஸ் என்ற பெரிய ஆசிரியர் நடத்திய பத்திரிகை அவர்களைக் கிழி கிழியென்று கிழித்தது. அவருக்கு ஆலைக்குள்ளே நடப்பது தெரிந்தது. ஜேக்கப்ஸ் ஆலைக்குள் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். அவர் எழுத வந்தது பயக்கதை, அது அவர் இஷ்டம். ஆனால் படிக்கிற நாமும் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்?

இனி அந்தப் பக்கிரியின் வேதாந்தத்தைப் பார்ப்போம். நம் நாட்டுச் சரக்கு என்று சொல்லப்படுகிறபடியால் நாம்தான் அதைப் பரிசோதிக்கவேண்டும். எல்லாம் விதிப்படி நடக்கிறது. அதை மாற்றப் பார்த்தால் துன்பம் வரும். இதுதான் அவர் உபதேசம். எல்லாம் விதிப்படியே நடக்குமானால், ஒரு குரங்கின் கை அதை எப்படி மாற்றும்? மாற்றிவிட்டதானால், விதி எங்கே போயிற்று? மகன் யந்திரத்தில் சாகவேண்டுமென்பது ஏற்கெனவே எழுதியிருந்ததா, கிழவர் வரம் கேட்டதனால் எழுதப்பட்டதா? எழுதியிருந்தது என்றால் கிழவர்மேல் குற்றமில்லை, அவருக்குத் தண்டனையும் இல்லை. கேட்டதனால்தான் என்றால் எழுதியவனுக்கு அதிகாரமில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் பக்கிரியின் கடை கட்டவேண்டியதுதான். இருபத்தோரு வருஷம் இந்தியாவில் இருந்த ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்டுக்கு இங்கிருந்து எடுத்துப்போக இந்த ஒரு சரக்குத்தான் கிடைத்தது என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போது நமக்கு ரோஷம் வருகிறது. ஆனால் ரோஷப்பட்டு என்ன செய்வது? தாயத்துக்கட்டையும் மந்திரித்த எலுமிச்சம்பழத்தையும் சந்தையில் விற்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கும்போது, அப்படி எழுதினதற்கு அவன்மேல் கோபித்து என்ன பயன்?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்கிறோம். பழம் விழுந்தபோது காக்கை இருந்ததைப் பார்க்கிறவன், காக்கையில்லாமல் விழுந்த ஆயிரம் பழத்தைப் பார்ப்பதில்லை. வேண்டுதல் செய்துகொண்ட எத்தனையோ வீட்டில் மறுநாள் ஒன்றும் நடக்காது; அதை யாரும் கதையாக எழுதமாட்டார்கள்.

இதெல்லாம் சிறு விஷயம் என்று சொல்லலாம். நமக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. அந்தக் கிழவர் தம் மகனைத் தாமே கொன்றதாக நினைத்துக்கொள்ளுகிறாரே, அதைப்பற்றி யோசியுங்கள். கடன் தீரவேண்டும் என்று ஆசைப்பட்டது ஒரு குற்றமா? உழைத்துக் கட்டிய வீடு தமக்கே ஆகவேண்டும் என்று நினைத்தது பேராசையா? இந்தக் கதையை எடுத்துச்சொல்லுகிறவர்கள் பெரும்பாலும், "பார், பேராசைப்பட்டான், பிள்ளையைப் பறிகொடுத்தான்" என்று சொல்லுகிறார்கள். 200 பவுன் கடனுள்ள கிழவன் பேராசைக்காரனாம்! அவன் மகனை அரைத்த யந்திரத்தை வைத்துச் சம்பாதிக்கிற கம்பெனிக்காரன் ஆசையே இல்லாத மகானா? குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியவன் வெளியே போய்விட்டான். பிள்ளையைப் பறிகொடுத்தவன் கூண்டில் ஏறித் தனக்குத்தானே தண்டனை விதித்துக்கொள்ளுகிறான்.

இது சீமைக் கதையில் மட்டும் நடக்கிற காரியமானால் நாம் இவ்வளவு தூரம் எழுதமாட்டோம். நமக்குத் தெரிந்த ஒரு தாலுகா ஊரில் சில வருஷங்களுக்கு முன் 19 வயதுப் பையன் ஒருவன் நெல்லு மில்லில் பெல்ட்டில் வேட்டி சிக்கி மாண்டான். பெல்ட்டுக்கு முன்னால் ஒரு கம்பிக்கூடு வைத்திருந்தால் வேட்டி சிக்கியிராது. துக்கத்துக்குப் போயிருந்தபோது நாம் கேட்டது கம்பிக்கூட்டைப்பற்றிய பேச்சல்ல. குலதெய்வத்துக்கு அந்தப் பையன் பேரில் நேர்ந்துகொண்ட முடியிறக்கலைத் தாயார் இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டுவிட்டாளாம், அதுதான் காரணமாம். பூசாரி சொன்னார், உறவினர்கள் சொன்னார்கள், கடைசியில் அந்த அம்மாளே, "நான்தான் என் புள்ளையைக் கொன்னுட்டேன்" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். மில்காரர் 20,000 ரூபாய் கொடுத்து, இனி எந்த வியாஜ்யமும் இல்லை என்று ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டார். அந்த 20,000-த்திலும் ஒரு பாதி தெய்வக்குற்றம் தீரப் பூசைக்கும் கிடாவெட்டுக்கும் போயிற்று.

நம் நாட்டில் 1923-லேயே தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் செய்தார்கள், 1924 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது என்ற விஷயம் அந்தத் துக்க வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சாவு நேர்ந்த வழக்கில் தொகையைக் கமிஷனரிடம் கட்டவேண்டும், வீட்டில் கொண்டுபோய் ரகசியமாகக் கொடுத்து முடித்துக்கொள்ளக்கூடாது என்பதும், உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்குகிற காகிதம் செல்லாது என்பதும் அந்தச் சட்டத்தின் ஏற்பாடு. அந்த ஒரு சங்கதி தெரிந்த ஒருவர் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால், மில்காரர் நீட்டிய காகிதம் வேறு கதியாகியிருக்கும். பூசாரி இருந்தார், சோசியர் இருந்தார், ஊர்ப் பெரியவர்கள் இருந்தார்கள். சட்டம் தெரிந்தவர் இல்லை.

விதி என்ற சொல்லால் பிழைக்கிறவன் யார் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். பூசாரி கிடாயின் தொடையோடு போய்விடுகிறார். முழு லாபம் மில்காரருக்கு. அவர் ஒரு மந்திரமும் சொல்லவில்லை, ஒரு பூசையும் செய்யவில்லை. ஊரார் பேசிய பேச்சே அவருக்குப் பெரிய வக்கீலாக வாதாடிவிட்டது.

கதையில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மூன்று வரத்தையும் கேட்கிறவர் கிழவர்தான். தாயாருக்குப் பிள்ளைமேல் பாசம் உண்டு, அழுகை உண்டு, தாழ்ப்பாளைத் திறக்கப் போராடுகிற தைரியமும் உண்டு. வரம் கேட்கிற அதிகாரம் மட்டும் கிடையாது. இரண்டாவது வரத்தைப் புருஷனை நச்சரித்துத்தான் அவள் வாங்கவேண்டியிருக்கிறது. மூன்றாவதை அவளைக் கேட்காமலேயே அவர் முடித்துவிடுகிறார். எப்படிப்பட்ட உருவமானாலும் என் பிள்ளைக்குக் கதவைத் திறப்பேன் என்று போனவள் அவள், பயந்தவர் அவர். படிக்கிறவர்கள் எல்லோரும் கிழவர் பக்கம் நின்று, திறக்காதே திறக்காதே என்று மனதுக்குள் கத்துகிறார்கள். நாமும் முதல் தரம் படிக்கும்போது அப்படித்தான் கத்தினோம். இரண்டாந்தரம் படிக்கும்போது அந்த அம்மாளின் பக்கம் போய்விட்டோம். அவள் மந்திரத்தை நம்பினாள் என்பது மெய். ஆனாலும் பயத்தை மதியாமல் கதவண்டை போனவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

ஆசிரியருக்கும் நியாயம் செய்யவேண்டும். கையில் சக்தி உண்டு என்று ஜேக்கப்ஸ் ஓரிடத்திலும் சத்தியம் செய்யவில்லை. கை புரண்டது என்பது கிழவர் வாக்கு. நெருப்பில் குரங்கு முகம் தெரிந்தது மகனின் கண்ணுக்கு. காற்று அலறுகிற இரவில், விஸ்கி குடித்த சார்ஜெண்டின் கதையைக் கேட்ட பிறகு. கதவுக்கு வெளியே நின்றதை யாரும் பார்க்கவில்லை. இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒவ்வொரு சந்தையும் திறந்துவிட்டுப் போயிருக்கிற மனிதர், ஒருவேளை உள்ளூரச் சிரித்துக்கொண்டேதான் எழுதினாரோ என்னவோ. ஹாஸ்யக்காரராயிற்றே!

நமது வாசகசாலைத் தோழர்களுக்கு ஒரு யோசனை. இந்தக் கதையைத் தமிழில் சொல்லிப் படித்துக் காட்டுங்கள், பயந்து ஒதுக்காதீர்கள். ஆனால் கம்பெனி ஆள் வந்து போனவுடன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, யார்மேல் பிராது கொடுக்கலாம் என்று கூட்டத்தாரைக் கேளுங்கள். சென்ற வாரம் ஒரு கிராமத்தில் நாம் அப்படிச் செய்து பார்த்தோம். வாலிபர்கள் குரங்கின்மேல் என்றார்கள், பக்கிரியின்மேல் என்றார்கள், ஒருவர் சார்ஜெண்டின்மேல் என்றார். திண்ணையோரம் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பாட்டி மட்டும், "அந்தத் தொப்பிக்காரன் வாசல்ல ஏன் மூணு தரம் நின்னு நின்னு வந்தான்?" என்று கேட்டாள். துக்கச் சேதி சொல்ல வந்தவன் தயங்கமாட்டானா பாட்டி என்றோம். "சாவுச் சேதி சொல்ல வந்தவன் ஓடியில்ல வருவான்? இவன் வேற ஏதோ சொல்லச் சொல்லி அனுப்பினதைச் சுமந்துகிட்டு வந்திருக்கான். அதை அனுப்பினவனைக் கேளு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் புளியை எடுத்துக்கொண்டாள்.